தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

மதுரையின் தென்புறத்தில், அவனியாபுரம் செல்லும் சாலையிலுள்ள வில்லாபுரத்துக்குச் சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, கட்சிக்காரர் ஒருவரைக் காணும் பொருட்டுப் போயிருந்தோம். போன காரியம் முடிந்து திரும்புகையில், ஒரு சந்தின் கடைக்கோடி வீட்டிலிருந்து மத்தளமும் தாளமுமாகப் பாட்டொலி எழுந்தது. தேர்ந்த குரலன்று, ஆயினும் சுருதி விலகாத குரல். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நம்மை வீட்டார் உள்ளே அழைத்து நாற்காலி போட்டார்கள். அது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தார் நடத்திய ஸ்தோத்திரக் கூட்டம்.

எதற்காக ஸ்தோத்திரம் என்று பக்கத்திலிருந்தவரை மெல்ல விசாரித்தோம். அவர் கூறிய விவரம் நம்மைத் திகைக்கச் செய்தது. வீட்டுத் தலைவருக்கு ஆலை வேலை போய் எட்டு மாதமாகிறது. அவர் மனைவி ரண சிகிச்சை முடிந்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகவில்லை. கடன் உண்டு. இந்நிலையில் இவர்கள் இருபது பேரைக் கூட்டிப் பாயில் உட்கார வைத்துத் தேநீரும் கொடுத்துத் தேவனுக்கு நன்றி கூறுகிறார்கள்! சிறிது நேரத்தில் அவ்வீட்டு முதியவளான அம்மாள் எழுந்தாள். இன்ன வருஷம் விஷக்காய்ச்சலில் பிள்ளை பிழைத்தது, இன்ன வருஷம் மழையில் சுவர் இடிந்தும் ஒருவருக்கும் காயமில்லாதது, இன்ன வருஷம் பேத்தியின் பள்ளிச் சம்பளத்துக்கு எதிர்பாராமல் உதவி வந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாள். வக்கீல் புத்தி நம்மை விடுமா? அந்த அம்மாளின் வரவையும் செலவையும் மனத்துக்குள் பத்தி பத்தியாக எழுதிப் பார்த்தோம். செலவே மிஞ்சிற்று. ஆனால் அவள் குரலில் ஒரு தளர்ச்சியும் காணோம்.

அவள் அமர்ந்தவுடன் மறுபடியும் ஒரு கீர்த்தனை பாடினார்கள். அதை இயற்றியவர் யார் என்று வினவினோம். ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது என்றான் ஓர் இளைஞன். வீடு திரும்பி விசாரித்ததில் அது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையது என்று தெரிந்தது. இன்று அவரைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு இதுவே காரணம்.

அரசியல் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். பொதுத் தொண்டில் இறங்கியோரை அதிகமாக வீழ்த்துவது எதிரியின் பலமல்ல, மறதியே என்பது நமது அநுபவம். நேற்றுப் பெற்ற வெற்றியை இன்று ஏற்பட்ட தோல்வி துடைத்துவிடுகிறது, மனம் சோர்கிறது, தொண்டன் வீட்டில் படுத்துவிடுகிறான். நீதிமன்றத்தில் நாம் முன் தீர்ப்புகளை நாடுவதில்லையா? இத்தகைய வழக்கில் முன்பு இவ்விதம் தீர்ப்பாயிற்று, ஆகவே இப்போதும் அவ்விதமே ஆதல் வேண்டும் என்று வாதிக்கிறோம். கிறிஸ்தவர்களின் வேதமும் இதே நியாயத்தைக் கையாளுகிறது. கோலியாத்து என்னும் ராட்சதனை எதிர்க்கப் புறப்பட்ட தாவீது, தன் கவணைப் பற்றிப் பேசவில்லை. ஆடு மேய்த்த காலத்தில் சிங்கத்தின் வாயினின்றும் கரடியின் கையினின்றும் தன்னைக் காத்த தேவன் இப்போதும் காப்பார் என்று சவுல் அரசனிடம் வாதாடினான். யோர்தான் நதியைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கரையில் நாட்டியதும், சாமுவேல் தீர்க்கதரிசி எபெனேசர் என்னும் உதவிக் கல்லை நிறுத்தியதும், பின்வரும் பிள்ளைகள் இது என்ன கல் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே. கல் நாட்ட வகையில்லாத ஏழைகள் என் செய்வர்? அவர்களுக்குப் பாட்டையே கல்லாக நாட்டிக் கொடுத்தவர் சாஸ்திரியார்.

நிற்க. பெயர் ஒற்றுமையால் இவரை மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையோடு சேர்த்துக் குழப்புவோர் உண்டு. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய முன்சீப் 1826-ஆம் வருஷம் பிறந்த கத்தோலிக்கர். நம்முடைய சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். 1774-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தை அருணாசலம் பிள்ளை சைவ வேளாளர் குலத்தவர்; தமிழ்ப் புலவர்; கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவித் தேவசகாயம் என்று பெயர் பெற்றவர்.

1785-ஆம் வருஷத்தில் தஞ்சையிலிருந்து சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். குளோரிந்தா என்னும் பிராமண விதவை அங்கே கட்டுவித்த சிற்றாலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். அக்காலத்தையொட்டித்தான் தேவசகாயம் பிள்ளையின் மகன் அவர் கண்ணில் பட்டான். பையனுக்கு வயது பன்னிரண்டு இருக்கலாம். அவனைத் தம்முடன் தஞ்சைக்கு அனுப்பும்படி ஐயர் கேட்டார், தந்தை இசைந்தார். திருநெல்வேலியிலிருந்து தஞ்சைக்கு அந்நாளில் ரயில் ஏது, மோட்டார் ஏது? பெற்றோரைப் பிரிந்து ஒரு வெள்ளைக்காரத் துறவியின் பின்னே நடந்த அச்சிறுவனின் மனம் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

சுவார்ட்ஸ் ஐயர் எத்தகையவர் என்பதையும் நேயர்கள் அறிதல் வேண்டும். அவர் ஜெர்மானியர். 1750-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர், தாயகம் திரும்பவேயில்லை, மணம் செய்துகொள்ளவுமில்லை. தமிழும் மராத்தியும் பாரசீகமும் பேசுவார். 1779-ல் ஆங்கிலேயர் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப விரும்பியபோது இவரையே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் ஹைதரின் படை சோழ நாட்டைச் சூழ்ந்து, தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில், அரசாங்கத்தின் வார்த்தையை நம்பி நெல் கொண்டுவர மறுத்த குடியானவர்கள், இவருடைய ஒரு வார்த்தையை நம்பி மாடுகளையும் நெல்லையும் கொண்டுவந்தார்கள். தாம் வாக்களித்தபடி இவர் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். அரசர்களின் முத்திரையைக் காட்டிலும் ஒரு தனி மனிதனின் நாணயம் அன்று அதிக விலை பெற்றது. கும்பினியார் நம் நாட்டில் காலூன்றிய வரலாற்றில் நாம் தயக்கமின்றிப் போற்றக்கூடிய ஐரோப்பியர் சிலரே. அவர்களில் இவர் ஒருவர்.

இப்படிப்பட்டவருடைய நிழலில் வேதநாயகம் வளர்ந்தார். துளஜா மன்னரால் சுவீகாரம் எடுக்கப்பட்டு, அவர் மறைந்ததும் சிற்றப்பனாகிய அமர்சிங்கின் கையில் அல்லற்பட்ட சரபோஜியும் அதே நிழலில்தான் ஒதுங்கினார். அரச குமாரனும் புலவர் மகனும் ஒரே குருவின் மாணாக்கர். பின்னர் வேதநாயகம் தரங்கம்பாடிக்குச் சென்று அங்கிருந்த ஜெர்மானியப் பண்டிதர்களிடம் வேதசாஸ்திரத்தோடு வானசாஸ்திரம், பூகோளம் முதலியவையும் பயின்றார். இருபது வயதுக்குள் தஞ்சைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக அமர்ந்துவிட்டார்.

1798-ஆம் வருஷம் பிப்ரவரி 13-ஆம் தேதி சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அதே வருஷத்தில் சரபோஜி சிங்காசனம் ஏறினார்; மறு வருஷமே கும்பினியார் நாட்டைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு கோட்டையையும் பட்டத்தையும் மாத்திரம் அவருக்கு விட்டுவைத்தனர். நாடிழந்த அம்மன்னர் தம் குருவுக்குச் செய்த ஞாபகச் சின்னம் இன்றும் தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகிலுள்ள ஆலயத்தில் இருக்கிறது. பிளாக்ஸ்மன் என்னும் பெயர் பெற்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு, மரணப் படுக்கையிலிருக்கும் குருவைத் தாம் காணும் காட்சியைச் சலவைக் கல்லில் செதுக்குவித்தார். நாம் இருமுறை அதைப் பார்த்திருக்கிறோம். அழகான வேலை. ஆயினும் தஞ்சைக்குப் போகிறவர்தான் அதைப் பார்க்கலாம். மற்ற மாணாக்கர் நாட்டிய சின்னமோ வில்லாபுரத்துச் சந்தில் நமக்குக் கேட்டது.

சாஸ்திரியார் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றினார் என்பர். ஞானத் தச்ச நாடகம், ஜெபமாலை, சாஸ்திரக் கும்மி, பெத்லகேம் குறவஞ்சி முதலியன பெயர் பெற்றவை. இவற்றுள் நாம் மிகவும் வியப்பது, 1800-ஆம் வருஷத்தை ஒட்டி எழுந்த குறவஞ்சியே. குறவஞ்சியின் மரபு திருநெல்வேலிச் சீமையாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குற்றாலக் குறவஞ்சி அவர்கள் ஊர்ச் சொத்து. தலைவன் மேல் காதல் கொண்டு வாடும் பெண்ணிடம் குறத்தி வருகிறாள். வந்தவள் எடுத்த எடுப்பில் வருங்காலத்தைச் சொல்லிவிடுவதில்லை. தான் எந்தெந்த ஊரில் யார் யாருக்குக் குறி சொன்னாள், அவை எவ்விதம் பலித்தன, என்னென்ன பரிசு பெற்றாள் என்பதை முதலில் எடுத்துரைக்கிறாள். பலித்த குறியைக் கேட்ட பின்னரே பெண் கையை நீட்டுகிறாள். சாஸ்திரியார் இக்கூத்தில் தலைவனாகப் பெத்லகேம் நாதரை வைத்தார். குறத்தி யார்? விசுவாசமே குறத்தி! விசுவாசத்தின் இயல்பை இதைவிடப் பொருத்தமாக விளக்கிய உருவகம் நாம் கண்டதில்லை. பலித்தவற்றைச் சொல்லிப் பலிக்கப்போவதை நம்ப வைப்பவள் அல்லவா அவள்?

அதே நூலில் சூரியனை நடுவாக வைத்துக் கிரகங்கள் சுற்றிவரும் புதிய வானசாஸ்திரத்தையும் பாட்டாக்கிவிட்டார் என்பது மற்றோர் ஆச்சரியம்.  சரபோஜி மன்னரும் பிற்பாடு உலகப் பூகோளத்தை ஒரு குறத்தியின் வாயில் வைத்து மராத்தியில் குறவஞ்சி செய்தார். சகபாடிகள் இருவருக்கும் ஒரே பித்து.

ஞானத் தச்ச நாடகம் நோவாவின் பேழையைப் பற்றியது. வெள்ளம் வருமுன் மரம் அறுத்து, கீல் பூசி, ஊர் நகைக்கக் கப்பல் கட்டிய கிழவனின் கதை தச்சுப் பட்டறையின் தாளத்தில் அமைந்தது. படிப்பறியாத பாமரர் இவற்றைக் கேட்டே வேதத்தின் முற்காலச் செய்திகளை மனப்பாடம் செய்தார்கள். எழுத்தறிவில்லாத ஜனங்களிடையே நினைவு நிலைப்பதற்கு இராகமும் தாளமும்தான் ஏடு.

மன்னருக்கும் இவருக்கும் இடையே நடந்ததாக வழிவழி வரும் ஒரு செய்தியைக் கூறாமல் விடலாகாது. அரண்மனைக்காக ஒரு நாடகம் செய்யுமாறும், மரபுப்படி விநாயகர் துதியோடு தொடங்குமாறும் மன்னர் பணித்தாராம். மன்னரின் சோற்றையும் நட்பையும் உண்டவர்தாம். ஆயினும் தம் தெய்வத்தைத் தவிர வேறொன்றைத் தம் நாவால் பாட இயலாது என்று பாட்டாலேயே விடை கொடுத்தார் என்பர். மன்னர் சினவாமல் அவரை அனுப்பிவிட்டார். மறுத்தவரையும் மெச்சுகிறோம், மறுப்பைப் பொறுத்தவரை அதைவிட அதிகமாக மெச்சுகிறோம்.

இனி, மகிழ்ச்சி தராத ஒரு பகுதிக்கு வருகிறோம். பெரியோர் சரித்திரம் எழுதுவோர் இத்தகைய இடங்களைப் பட்டுத் துணியால் மூடிவிடுவது நம் நாட்டு வழக்கம். நாம் அவ்விதம் செய்யப்போவதில்லை.

1820-க்குப் பின் தஞ்சைக்கு வந்த புதிய குருமார் சுவார்ட்ஸ் ஐயரைப் போன்றவரல்லர். தமிழர் பழக்கங்களைக் களைந்தால்தான் கிறிஸ்து மார்க்கம் சுத்தமாகும் என்று அவர்கள் கருதினர். சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தோரும் அவர்கள்மீது முக்கியமாக நான்கு குறைகளைச் சொன்னார்கள். பப்ரிஷியஸ் ஐயரின் பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. கலியாணத்தில் பூமாலையைத் தடுத்தது ஒன்று. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்தி அயல்நாட்டு மெட்டைப் புகுத்தியது ஒன்று. எல்லா ஜாதியாரையும் ஆலயத்தில் ஒன்றாகக் கலக்க முயன்றது மற்றொன்று.

மொழிபெயர்ப்பு வழக்கைப் பண்டிதர் தீர்க்கட்டும். பூமாலையிலும் தமிழிசையிலும் சாஸ்திரியார் பக்கமே நியாயம். தன் மொழியிலும் தன் இராகத்திலும் தெய்வத்தைப் பாட உரிமையில்லாதவனுக்கு வேறு என்ன உரிமை இருந்து என்ன பயன்? ஆனால் நான்காவது குறையில் அவர் கொண்ட கட்சி பிழையானது என்று ஒளிக்காமல் கூறுகிறோம். தனிப் பாயும் தனி இடமும் முன்னோர் வழக்கம், சுவார்ட்ஸ் ஐயரும் பொறுத்துக்கொண்டது, அது உலக வழக்கமேயன்றி மதத்தைச் சேர்ந்ததன்று என்று அவர் வாதித்தார், நூல்களும் எழுதினார். தேவன் தம் ஜனத்தை அடிமை வீட்டிலிருந்து மீட்டதை ஆயிரம் பாட்டில் பாடிய புலவர், தம் கண் முன்னே அடிமைகளாக இருந்த ஜனங்கள் அதே ஆலயத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைக் காணாது போனார். தெய்வத்தின் உபகாரத்தை நினைப்பதும் முன்னோர் வழக்கத்தை நினைப்பதும் ஒன்றல்ல. இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தமையால் அவர் பிரித்தறியவில்லை. இப்பிழை அவருக்கு மட்டுமே உரியதா? நம் அரசியல் ஸ்தாபனங்களில் பழம்பெருமை பேசுவோரின் பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கும் இரண்டும் கலந்தே கிடக்கும்.

வழக்கின் முடிவாக 1829-ல் அவர் மிஷன் உத்தியோகத்தினின்றும் நீக்கப்பட்டார். வயது ஐம்பத்தைந்து. அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் பழைய சகபாடியாகிய சரபோஜியே. அரண்மனைப் புலவராக்கிச் சம்பளமும் கொடுத்தார். விநாயகர் துதி பாட மறுத்த அதே மனிதருக்கு! ஆனால் 1832-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மன்னரும் மறைந்தார். மறு வருஷம் கல்கத்தாவிலிருந்து வில்சன் அத்தியட்சர் சபைகளில் ஜாதி வித்தியாசம் கூடாதென்று உத்தரவிட்டார். குரு இல்லை, மன்னர் இல்லை, மிஷன் இல்லை, வாதத்திலும் தோல்வி. அதற்குப் பின்னும் முப்பது வருஷம் அவர் உயிரோடிருந்தார்.

அந்த முப்பது வருஷத்தை நாம் மிகவும் எண்ணிப் பார்க்கிறோம். தோற்றவன் கசப்பை வளர்ப்பது எளிது. இவர் கீர்த்தனையை வளர்த்தார். ஆதரித்த கைகள் ஒவ்வொன்றாக விலகியபோது, பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வந்த நாள் முதல் தம்மை நடத்தி வந்த கை எது என்பதையே அவர் நினைவுகூர்ந்து வந்தார் என்று கொள்வது மிகையன்று. அவர் வீட்டில் பாட்டு ஓயவில்லை. ஞானதீபம் என்னும் வளர்ப்பு மகள் இசையில் வல்லவள். மகன் நோவா ஞானாதிக்கமும் கவி பாடினார். பிற்காலத்தில் அவர் வழிவந்தோரும் தலைமுறை தலைமுறையாக அப்பாட்டுக்களைப் பாடி வந்திருக்கிறார்கள்.

நம் மதுரைக்கு அப்பாட்டு வந்த கதை விநோதமானது. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் வேலை தொடங்கினார்கள். ஜாதி விஷயத்தில் தஞ்சைக் குருமாரைக் காட்டிலும் கண்டிப்பானவர்கள். 1847-ல், பிற ஜாதியாரோடு உடன் உண்ண மறுக்கும் உபதேசியாருக்கும் சபையாருக்கும் இடமில்லை என்று தீர்த்துவிட்டார்கள். பலர் விலகிப் போயினர். அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர்தாம், ஜாதிக் கட்சியில் நின்ற முதியவராகிய சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தேடித் தொகுத்து, 1853-ல் சபைகளில் பாடும் பொருட்டு அச்சிட்டவர். ஆங்கில மெட்டுக்களைத் தமிழர் வாயில் திணிப்பதில் பயனில்லை என்று அந்த அமெரிக்கர் கண்டுகொண்டார். தமிழிசை வழக்கில் தஞ்சையில் தோற்ற சாஸ்திரியார் மதுரையில் வென்றார். தாம் தோற்க வேண்டிய வழக்கிலோ இரண்டு ஊரிலும் தோற்றார். பதரை நீக்கி மணியை எடுத்துக்கொண்ட அந்த மதுரை மிஷன்காரருக்கு நாம் ஒரு நமஸ்காரம் சொல்ல வேண்டும்.

1864-ஆம் வருஷம் ஜனவரி 24-ஆம் தேதி, தொண்ணூறாம் வயதில், தஞ்சையில் சாஸ்திரியார் காலமானார். அவர் கண்ட ராஜ்யம் ஒன்றும் அப்போது இல்லை. தஞ்சைப் பட்டமே 1855-ல் அற்றுவிட்டது. கும்பினியும் 1858-ல் போயிற்று.

வில்லாபுரத்து வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் ஒரே ஜாதியாரல்லர் என்று பின்னர்க் கேள்வியுற்றோம். கூட்டம் முடிந்து நாம் எழுந்தபோது, அந்த முதிய அம்மாள் வாசல் வரை வந்து, அடுத்த தையிலும் கூட்டம் உண்டு, ஐயா அவசியம் வர வேண்டும் என்று அழைத்தாள். மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையே என்று நாம் தயங்கியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. வருவதாகச் சொல்லியிருக்கிறோம், பாட்டை இயற்றியவர் பெயரையும் அப்போது சொல்ல வேண்டும்.